போதும் என்று சொன்ன இருவர்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிராமச் செவிலியர்களுக்குப் பயிற்சி நடத்தும் ஓர் அமைப்பிலிருந்து போன் வந்தது. பேசியவர் நித்யஸ்ரீ என்ற இளம்பெண். குழந்தை வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது, எத்தனை என்பதையெல்லாம் ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது, அவள் மனதில் உள்ளதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் பயிற்சி.

"பாடமா எழுதினா யாரும் படிக்க மாட்டேங்கிறாங்க மேடம். ரெண்டு பக்கத்துல ஒரு கதையா குடுங்க. ஒரு பொண்ணு, மனசுல ஒண்ணு இருக்கும், வெளிய வேற சொல்லுவா. நர்ஸ் சரியான கேள்வியா கேப்பாங்க. அவ உண்மையைச் சொல்லிடுவா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றுதான் எனக்கும் தோன்றியது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறவள். தலத்தெருவில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் சௌந்தரவல்லி, கடற்கரைக் கிராமங்களில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறார். அவரிடம் போய், அப்படி ஒரு பெண்ணைத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் சொன்னார்:

"உண்மையைச் சொல்லாத பொண்ணு ஒருத்தி இருக்கா டீச்சர். நானும் சரியாத்தான் கேட்டேன். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி கதை வராது."

2

அவர் சொன்ன பெண்ணின் கதையையே எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

‘ஜெயப்ரியாவின் கணவன் குடித்துவிட்டுத் தள்ளாடியபடி கடற்கரையிலிருந்து —’

[இல்லை. ராஜ்மோகன் குடிப்பவர் அல்ல. கணவனைக் குடிகாரனாக்கினால் கதைக்கு வசதி. படிப்பவர்கள் உடனே தலையாட்டுவார்கள். சௌந்தரவல்லியிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். "அந்தப் பையனா? சோடா குடிக்கவே யோசிப்பான்" என்று சிரித்தார்.]

இரண்டாவது வரைவு:

‘மாமியார் தையல்நாயகி கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு பேரன் —’

[இதுவும் இல்லை. செவிலியர் வந்த அன்றைக்குத் தையல்நாயகி கூடையோடு நெடுங்காட்டுப் பக்கம் மீன் விற்கப் போயிருந்தார். வீட்டில் இருந்திருந்தாலும் தலையிட்டிருக்க மாட்டார். "பெக்கறவ அவ, வளக்கறவ அவ, நடுவுல எனக்கென்ன" என்பது அவர் பேச்சு.]

மூன்றாவது:

‘செவிலிக்கு அவசரம். இன்னும் எத்தனையோ வீடுகள் —’

[இதைச் சௌந்தரவல்லிக்குப் படித்துக் காட்டாமலேயே அடித்துவிட்டேன். அந்த மதியம் முழுக்க அவர் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார்.]

யாராவது ஒருவரைக் கெட்டவராக்கிவிட்டால் கதை தானாக ஓடும். எனக்கு அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. எனவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஜெயப்ரியா என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தார்.

(வரைவுகளில் அவரை ‘அவள்’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ்க் கதைகளில் பெண்ணுக்கு அதுதான் வழக்கம். நேரில் பார்த்துப் பேசிய பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.)

3

ஜெயப்ரியாவின் வீடு கிளிஞ்சல்மேடு என்ற மீனவக் கிராமத்தில். ராஜ்மோகன் விசைப்படகு ஓட்டுகிறவர். சொந்தப் படகு அல்ல. போனால் திரும்பப் பல நாளாகும். மூத்தவள் விஷ்ணுப்ரியா. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, கடல் எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டு, ராஜ்மோகன் அந்தப் பக்கத்துச் சிறையில் அடைபட்டார்.

பிரசவத்துக்கு ஜெயப்ரியாவை மாமியார்தான் கூட்டிப்போனார். ரத்தம் நிறையப் போய்விட்டது. வெளியே இருந்து ரத்தம் வாங்கி ஏற்றினார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் தையல்நாயகி கைநாட்டு வைத்தார். பையன் பிறந்தான். முத்துக்குமரன் என்று பெயர் வைத்தார்கள்.

"பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு. கையோட ஆபரேஷன் பண்ணிக்கிடலாமேம்மா" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

"அவங்க வந்துடட்டும்" என்றார் ஜெயப்ரியா.

கணவர் விடுதலையாகி வந்தபோது பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். ராஜ்மோகன் வாசலில் நின்றே கையை நீட்டினார். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். பிறகு ராஜ்மோகன் கையை நீட்டுவதை விட்டுவிட்டார். ஒரு மூலையில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார்.

ஜெயப்ரியா அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: இவருக்குப் பிள்ளை குட்டி என்றாலே அலுத்துவிட்டது.

ராஜ்மோகனும் ஒன்றைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மனைவியின் காறையெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பிரசவத்தில் நடந்ததை அம்மா சொல்லியிருந்தார். இன்னொரு முறை இவளை அந்த இடத்துக்கு அனுப்பக் கூடாது. வேண்டும் என்ற வார்த்தையை நான் எடுக்கவே கூடாது. இதுதான் அவர் முடிவு.

ஆனால் அவருக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. பையன் முதன்முதலில் குப்புற விழுந்தது எப்போது, சிரித்தது எப்போது என்று மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாராம். விஷ்ணுப்ரியா தனக்குத் தெரிந்த மட்டில் நடித்துக் காட்டுவாள். ஒரு குழந்தையையாவது பிறந்த நாளிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெயப்ரியாவுக்கும் வேண்டும் என்று இருந்தது. அதை அவர் வார்த்தையிலேயே சொல்வதுதான் சரி, பின்னால் வருகிறது.

4

சௌந்தரவல்லி அந்த வீட்டுக்குப் போனது மீன்பிடித் தடைக்காலத்தில். படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், இருவரிடமும் பேசலாம் என்று அந்தச் சமயமாகப் பார்த்துப் போயிருக்கிறார். முதலில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். என்னென்ன வழி இருக்கிறது, எதில் என்ன சங்கடம் எல்லாம் சொன்னார். ராஜ்மோகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ என்ன சொல்றாளோ அதாங்க" என்றார். ஜெயப்ரியா, "அவங்க சொல்றதுதாங்க" என்றார்.

சேர்த்துவைத்துக் கேட்டால் இப்படித்தான் வரும் என்று சௌந்தரவல்லிக்குத் தெரியும். ஜெயப்ரியாவைக் கொல்லைப் பக்கம், அடிபம்பு இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"இங்க யாரும் இல்ல. அவரு நெனைக்கறத விடு. ஒனக்கு என்ன தோணுது?"

"போதும்க்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பண்ணிக்கிட்டா அது முடிஞ்சதுதான்."

"யோசிச்சிட்டேன்."

"வேணும்னா இப்பத்திக்குக் காப்பர் டி போட்டுக்க. ரெண்டு மூணு வருஷம் போகட்டும், அப்பறம் முடிவு பண்ணு."

"அப்பறம்னா அவங்க கடல்ல இருப்பாங்கக்கா. நான் ஆஸ்பத்திரியில படுத்தா புள்ளைங்கள யாரு பாக்கறது? இப்பன்னா இருக்காங்க."

எல்லாம் நியாயமான பேச்சு. சௌந்தரவல்லி முன்பக்கம் வந்து ராஜ்மோகனிடம் சொன்னார். "அவ போதும்ங்கறா தம்பி. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவளே சொல்லிட்டாளா?" என்றார் ராஜ்மோகன். பிறகு, "அப்ப எனக்கும் போதுங்க" என்றார்.

தடைக்காலம் முடிவதற்குள் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக ஆறிவிட்டது. ராஜ்மோகன் சமைத்துப் போட்டார், துணி துவைத்தார். அந்த வாரங்களில்தான் பையன் அவரிடம் ஒட்டிக்கொண்டான்.

5

[இந்த இடத்தில் ‘ஆண்டுகள் உருண்டோடின’ என்று எழுதி அடித்தேன். ஆண்டுகள் உருளவில்லை. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான், அவ்வளவுதான்.]

ராஜ்மோகனின் தங்கை தீபா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. அதுவும் தடைக்காலம். ராஜ்மோகன் வீட்டைவிட்டு நகரவில்லை. சாக்குச் சொல்லி நண்பர்களைத் திருப்பி அனுப்பினார். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கும் வேலையைத் தீபாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் மின்சாரம் நின்றுவிட்டது. ராஜ்மோகன் குழந்தையை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் பழைய கல்யாணப் பத்திரிகையை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயப்ரியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க. தீபா சாப்பிட்டுட்டா."

"இருக்கட்டும், தூங்குது."

"கை மரத்துப் போயிருக்கும்."

"மரத்தா மரத்துட்டுப் போவுது."

ஜெயப்ரியா சிரித்தார். கேலியாகத்தான் கேட்டார்: "இவ்வளவு ஆசைய வச்சிக்கிட்டா அன்னிக்குப் போதும்னீங்க?"

விசிறல் நின்றது.

"நானா? நீதானே போதும்னே."

"நீங்க வேணாம்னு இருக்கீங்கன்னுதானே நான் சொன்னேன்."

"நான் எப்ப ஜெயா அப்படிச் சொன்னேன்? நர்ஸம்மா வந்து நீ போதும்ங்கறேன்னாங்க. அதுக்கப்பறம்தான் நான் வாயத் தொறந்தேன்."

ஜெயப்ரியா முறத்தைக் கீழே வைத்தார். குழந்தைக்கு வியர்த்தது. ராஜ்மோகன் மறுபடி விசிற ஆரம்பித்தார். இருவரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"சண்டை வந்திருந்தா நல்லாருந்திருக்கும் டீச்சர்" என்றார் ஜெயப்ரியா என்னிடம். "நீயா நானான்னு கத்தித் தீத்திருப்போம். அவங்க எங்கிட்ட ரொம்ப நல்லா நடந்துக்க ஆரம்பிச்சிட்டாங்க. நானும்தான். சோத்துல உப்பு இல்லன்னாகூடச் சொல்ல மாட்டாங்க. வீட்டுல யாரோ செத்துப்போன மாதிரி மெதுவா மெதுவா பேசிக்கிட்டோம்."

மீண்டும் கருக்குழாயைச் சேர்த்துவைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்று ராஜ்மோகன் யாரிடமோ கேட்டு வந்தார். இருவரும் சேர்ந்து சௌந்தரவல்லியைப் பார்க்கப் போனார்கள்.

6

சௌந்தரவல்லி இதைச் சொல்லும்போது கையில் இருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வந்து நிக்கறாங்க ரெண்டு பேரும். என்னைத் திட்டுவாங்கன்னு நெனைச்சேன். ‘ஒங்க மேல தப்பு இல்லக்கா’ன்னு அந்தப் பொண்ணு முதல்ல அதைத்தான் சொல்லுது. எனக்கு அதுதான் தாங்கல." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தனியாக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவசரப்படாதேன்னும் சொன்னேன். நான் வேற என்ன டீச்சர் கேட்டிருக்கணும்?"

நித்யஸ்ரீ கேட்ட கதையில் இந்த இடத்தில்தான் சரியான கேள்வி வரவேண்டும். நான் பல கேள்விகளை எழுதிப் பார்த்தேன்.

‘பணமும் பயமும் ஒரு தடை இல்லை என்றால் —’

‘உன் கணவரின் விருப்பம் இதுதான் என்று எதை வைத்து —’

‘இன்னும் ஐந்து வருடம் கழித்து உன் வீட்டை நினைத்துப் பார்த்தால் —’

எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று யாரும் கேட்பதாக எதுவும் என் காதில் ஒலிக்கவில்லை. சௌந்தரவல்லியையே கூட்டிக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். ராஜ்மோகன் கடலில் இருந்தார். ஜெயப்ரியா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, வேற யாருக்காவது ஆவும்" என்றார்.

அன்றைக்கு உண்மையில் என்னதான் நினைத்தீர்கள் என்று கேட்டேன். இதுதான் அவர் சொன்னது:

"வேணும்னுதான் இருந்துச்சு. ஆனா கேட்டா பதில் சொல்ற மாதிரி இல்ல. பையன் கொஞ்சம் வளந்தப்பறம் சின்னத் துணியெல்லாம் நின்னுபோச்சா, கொடியப் பாத்தா வெறிச்சுன்னு இருக்கும். அப்ப தோணும். அன்னிக்கு ராத்திரியே, அவங்கள மறுபடி புடிச்சிட்டுப் போயிட்டா மூணு புள்ளய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றதுன்னும் தோணும். ரெண்டும் நெசந்தான். அக்கா வேணுமான்னு கேட்டப்ப, எனக்கு முடியுமான்னு கேட்ட மாதிரி காதுல விழுந்துச்சு. முடியுமான்னா, முடியாது. அதான் போதும்னேன்."

சௌந்தரவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

(ஜெயப்ரியா என்னிடம் திருப்பிக் கேட்டார்: "ஒங்களுக்கு எத்தனை டீச்சர்?" ஒன்று என்றேன். "நீங்களா நிறுத்திக்கிட்டீங்களா?" ஆமாம், வேலைக்குப் போகிறேன் அல்லவா என்றேன். வருடக்கணக்காக எல்லோருக்கும் சொல்லிவரும் பதில். அது உண்மையா என்று அன்றைக்குத்தான் முதல்முறை எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் கதை என்னைப் பற்றியது அல்ல என்பதால் அடைப்புக்குறிக்குள் விட்டுவிடுகிறேன்.)

7

முடிவுக்கு வருகிறேன். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் குழாயைச் சேர்த்துவைக்கும் ஆபரேஷன் பலிக்கிறது. அடுத்த தடைக்காலத்தில் ராஜ்மோகன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறார். உள்ளிருந்து அழுகுரல் கேட்கிறது. செவிலி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

இரண்டாவதில் பலிக்கவில்லை. இருவரும் —

[நீளமாக எழுதியிருந்தேன். அழகாகவும் இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

மூன்றாவதில் அவர்கள் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. இருக்கும் இரண்டும் போதும் என்று, இந்த முறை உண்மையாகவே, சேர்ந்து சொல்கிறார்கள். நித்யஸ்ரீக்கு இது பிடிக்கும். எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை.

முதல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை ஜெயப்ரியாவிடம் போனேன். அவர் சம்மதம் இல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று தோன்றியது. வாசித்தேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"புள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க?"

நான் பெயர் வைத்திருக்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட எழுதியிருக்கவில்லை.

"பரவால்ல" என்றார்.

அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. வராந்தாவையும் துணியையும் அழுகுரலையும் எழுதியிருந்தேன், குழந்தையை எழுதவில்லை. அவர் அதைத்தான் தேடியிருக்கிறார்.

பிறகு அவராகவே, "நாங்க தஞ்சாவூர் போனோம் டீச்சர், போன மாசம்" என்றார்.

8

இனி வருவது அவர் சொன்னது. நான் சேர்த்தது எதுவும் இல்லை.

விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். பிள்ளைகளைத் தையல்நாயகி பார்த்துக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. போய்விட்டு நல்லபடியாக வாருங்கள் என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் ராஜ்மோகன் ஜன்னல் ஓரத்தை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, வெயில் படும் பக்கம் உட்கார்ந்து வந்தார்.

டாக்டர் ஒரு பெண். வயது கேட்டார், பழைய ஆபரேஷன் எப்படி நடந்தது என்று கேட்டார். சேர்த்துவைக்கலாம், ஆனால் குழந்தை தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்தும் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, "இது யாரோட விருப்பம்?" என்று கேட்டார்.

"அவளுக்கு ஆசைங்க" என்றார் ராஜ்மோகன். "நான்தான் அன்னிக்குப் புரிஞ்சிக்காம விட்டுட்டேன்."

"அவங்களே சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

ராஜ்மோகன் எழுந்து போனார். கதவைச் சாத்தும்போது மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். எதுவானாலும் சொல் என்கிறாரா, வேண்டும் என்று சொல் என்கிறாரா என்று ஜெயப்ரியாவுக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்கம்மா. ஒங்களுக்குக் குழந்தை வேணுமா?"

ஜெயப்ரியா வாயைத் திறந்தார். வேணுங்க என்ற வார்த்தை நாக்கிலேயே இருந்தது. அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது. ஆனால் வந்தது வேறு.

"தெரியலங்க டாக்டர்."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனாராம். டாக்டர் கோபிக்கவில்லை. என்ன தெரியவில்லை என்று கேட்டார்.

"அப்ப வேணும்னு இருந்துச்சு. அது கெடைக்கல. இப்ப நான் கேக்கறது இப்ப வேணும்னா, இல்ல அப்ப கெடைக்காததத் திருப்பிக் குடுங்கன்னா, அதுதான் தெரியல. அவங்க முகத்தப் பாத்தா வேணும்னு இருக்கு. அந்த ஆபரேஷன் மேசைய நெனைச்சா வேணாம்னு இருக்கு. யாரையும் பாக்காம நான் மட்டும் நெனைச்சா என்ன தோணும்னு… நான் மட்டும் ஒண்ணு நெனைச்சுப் பழக்கமே இல்லங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "தெரியலங்கறதும் பதில்தாம்மா. அதைச் சொல்ல நெறைய பேருக்கு வர்றதில்ல. யோசிச்சிட்டு வாங்க. வரலன்னாலும் தப்பில்ல."

வெளியே ராஜ்மோகன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். ஓடிவந்தார்.

"என்ன ஜெயா சொன்னே?"

ஜெயப்ரியா அவரிடம் சொன்னார். அங்கேயே, ஆட்கள் போய்வரும் வராந்தாவில், சுவரில் சாய்ந்து நின்று, நெடுநேரம் சொன்னார். தெரியவில்லை என்பதையும், அதற்குமேல் இன்னும் சிலவற்றையும். ராஜ்மோகனும் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் அப்படிப் பேசியதில்லை என்றார் ஜெயப்ரியா என்னிடம். ஊருக்குப் போகும் பஸ் போய்விட்டது; அடுத்ததும் போய்விட்டது. கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள்.

அந்த இடத்தில் ஜெயப்ரியா பேச்சை நிறுத்திக்கொண்டார். எழுந்துபோய், வெயிலில் காய்ந்த மிளகாயைப் புரட்டிவிட்டு வந்தார். வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் அடுத்து என்ன கேட்கப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு அந்த முடிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். நித்யஸ்ரீக்கும் வேண்டும், மூன்று முறை போன் செய்துவிட்டார். எனக்கும் வேண்டியிருந்தது.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு எந்த முடிவு பிடிக்கும் என்று என் முகத்தில் பார்த்துவிட்டு, அதைச் சொல்லியிருப்பார்.